குத்தகை என்று வெட்டிய தகரம்

1971ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்தே கால் மணி. இரவு முழுவதும் கொட்டிய மழை விட்டுத் தூறலாக நின்றிருந்தது. காற்று வடகிழக்கிலிருந்து. குத்தாலத்திற்குத் தெற்கே மூன்று மைலில் உள்ள எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில், நான்காம் வகுப்பு அறையில் நான் உட்கார்ந்திருந்தேன். ஓட்டில் ஐந்து இடத்தில் ஒழுகியது. பெஞ்சுகள் பிள்ளைகளுக்குச் செய்தவை. முழங்கால் நெஞ்சை இடித்தது. மழைக்காகப் பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்களா, எங்களுக்காகவா என்று யாரும் சொல்லவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் குத்தகைப் பதிவு விசாரணைக்காக வந்த அலுவலர், அவருடைய எழுத்தர். இந்தப் பக்கம் நான், என் மனைவியின் அண்ணன், என் நிலத்தை உழுதுவந்தவர், அவருக்காகப் பேச வந்த விவசாயச் சங்கத்து ஆள். ஆக அறையில் ஆறு பேர். ஏழாவதாக என் வக்கீல் இருந்திருக்க வேண்டும். மாயவரத்தில் வேறு வழக்கு என்று அவர் வரவில்லை. நூற்றைம்பது ரூபாயை முந்தின வாரமே வாங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. என்னுடைய ஒரு வேலி நிலத்தில், அதாவது இருபது மாவில், குத்தகைதாரர் எவரும் இல்லை என்று அலுவலர் எழுத வேண்டும். அப்படி எழுதினால் குத்தாலத்து அரிசி ஆலைக்காரர் முப்பத்தோராயிரம் ரூபாய்க்கு நிலத்தை எடுத்துக்கொள்வார். அந்தப் பணத்தில் கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் ஒரு புகையிலைக் கடை பிடித்து, பினாங்கு வாழ்க்கையை முடித்துக்கொண்டு, வீட்டோடு இருந்துவிடலாம். எழுதாவிட்டால் கப்பல் ஏற வேண்டும்.

நான் பினாங்குக்குப் போனது 1952இல், பத்தொன்பது வயதில். பள்ளி இறுதித் தேர்வில் கணக்குப் பாடத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாங்கியிருந்தேன். மீதி மூன்று எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் தாய்மாமன் அங்கே புகையிலைக் கடை வைத்திருந்தார். கணக்கு எழுத நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள், கணக்குப் புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன்னால், ஒரு இலைத்துண்டைக் கிள்ளி என் வாயில் வைத்தார்.

"அடக்கிக்க. முழுங்கிடாத. காரம் தொண்டைக்கு ஏறுற வரைக்கும் எண்ணு."

நான் எண்ணினேன். இருபத்திரண்டில் விக்கல் வந்தது. முப்பதுக்குள் ஏறினால் முதல் தரம், ஐம்பதுக்குள் இரண்டாம் தரம், அதற்கு மேல் போனால் அந்த இலை ரப்பர் தோட்டத்தில் விற்க ஆகாது என்று மாமா சொன்னார். புகையிலையை நான் கற்றுக்கொண்டது அப்படித்தான். தொழிலுக்காக மட்டும் வாயில் வைப்பேன். வைத்து, எண்ணி, துப்பி, வாய் கொப்பளித்துவிடுவேன். எனக்கு அந்தப் பழக்கம் ஒட்டவில்லை. அதைப் பற்றி என் மைத்துனர் பின்னால் ஒரு வார்த்தை சொன்னார். அது வரும் இடத்தில் வரும்.

எங்கள் சரக்கு வேதாரண்யத்து இலை. உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்து விளைவது. அதனால்தான் அந்தக் காரம். வாங்கி மென்றவர்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளிகள். பாதிப் பேர் எங்கள் ஜில்லாவிலிருந்து போனவர்கள், அல்லது போனவர்களின் பிள்ளைகள். நாகப்பட்டினத்தில் கப்பலேறும் சரக்கு பினாங்குக்கு ஏழாம் நாள் வந்து இறங்கும். வெயிலில் நிறுத்து வாங்கிய இலை அந்த ஊர் ஈரத்தைக் குடித்து எடை கூடும். நூறு ராத்தலுக்கு நாலு ராத்தல் வரை கூடியதைப் பார்த்திருக்கிறேன். அதோடு நின்றால் லாபம். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் பூஞ்சணம் பிடித்து மொத்தமும் போய்விடும். இரண்டு நாளைக்கு ஒரு முறை, கோணியில் தைத்த சிப்பங்களைப் புரட்டி அடுக்க வேண்டும். என் இடுப்பு வலி அங்கே ஆரம்பித்ததுதான்.

தோட்டங்களில் சம்பளம் போட்ட மறுநாள் நான் ரயிலேறுவேன். சுங்கைப்பட்டாணி, தைப்பிங், ஈப்போ என்று ஒரு சுற்று. ரயிலடியிலிருந்து தோட்டம் வரைக்கும் பஸ், பஸ் போகாத இடத்துக்கு வாடகைச் சைக்கிள். கையில் இரண்டு மாதிரித் தகர டப்பா, ஒரு குடை, மாற்றுச் சட்டை இரண்டு. ஆறு நாளில் பதினான்கு தோட்டம். எல்லாத் தோட்டத்திலும் எனக்குப் பரீட்சை வைக்க ஒருவர் இருப்பார். தைப்பிங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அது கங்காணியின் மனைவி. அந்த அம்மாள் இலையைக் கையால் தொடுவதற்கு முன்பே குறை சொல்லுவார்.

"போன மாசம் குடுத்தியே தம்பி, அது செத்த இலை. வாயில போட்டா வெல்லம் மாதிரி கெடக்கு."

"வெல்லம்னா நான் கூடக் காசு வாங்கியிருக்கணும்ல்லங்க."

"இந்தக் கணக்கப்பிள்ளைக்கு வாயிதான் காரம். அதை நறுக்கிப் பொட்டலம் கட்டு, வாங்கிக்கிறேன்."

அப்படிச் சொல்லிவிட்டு வழக்கமான மூன்று ராத்தலை வாங்கிக்கொள்வார். பதினேழு வருஷத்தில் ஒரு முறைகூட இலை நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதில்லை. ஒரு முறைகூட மூன்று ராத்தலுக்குக் குறைத்ததும் இல்லை.

மாமா 1957இல் கடையை என் பெயருக்கு விட்டுவிட்டு ஊர் திரும்பினார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டு, ஐந்து மாதம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தேன். பிறகு மூன்று வருஷத்திற்கு ஒரு முறை வருவேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு வருஷம் நான்கு மாதம் வந்தது. என் இரண்டாவது மகள், நான் வந்திருக்கும்போது தன் அம்மாவிடம் போய், "அவங்களுக்குக் காப்பி வேணுமாம்" என்பாள். அத்தா என்று கூப்பிடுவதற்குள் எனக்குத் திரும்பும் தேதி வந்துவிடும்.

அங்கே குடியுரிமை எடுத்துக்கொள்ளச் சொல்லி எத்தனையோ பேர் சொன்னார்கள். திரும்பிப் போகிறவனுக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். அறுபத்தொன்பதுக்குப் பிறகு சட்டம் மாறியது. என்னைப் போல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். எனக்கு ஒரு வருஷத்துக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருஷத்தைப் பற்றிக் கேட்டதற்கு, அங்கிருந்த குமாஸ்தா அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்த மாதமே வீட்டுக்கு எழுதிவிட்டேன், வந்துவிடுகிறேன் என்று.

நிலம் நான் 1959இல் வாங்கியது. வாங்கும்போதே அதில் ஒருவர் உழுதுகொண்டிருந்தார். அவருடைய தகப்பனார் அதே நிலத்தில் பழைய மிராசுதாரரிடம் பண்ணையாளாக இருந்தவர். இவர் காலத்தில் அது குத்தகையாக மாறியிருந்தது. எழுத்து ஒன்றும் கிடையாது. எங்கள் பக்கத்தில் அப்போது யாரும் எழுதிக்கொள்வதில்லை. ஆடி மாதம் பதினெட்டுக்குள் நிலத்துக்காரர் வெற்றிலை, பாக்கு, புகையிலை கொடுக்க வேண்டும். கொடுத்து, குத்தகைக்காரர் வாங்கிக்கொண்டால் அடுத்த ஒரு வருஷத்துக்கு நிலம் அவர் கையில். கொடுக்காவிட்டால் விலகிக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். அவ்வளவுதான் பத்திரம்.

நான் ஆடியில் ஊரில் இருப்பதில்லை. ஆனால் புகையிலை வியாபாரி புகையிலை கொடுக்க முடியவில்லை என்று இருக்க முடியுமா? வெற்றிலை பாக்கை என் மைத்துனர் உள்ளூரில் வாங்கிக் கொடுத்துவிடுவார். புகையிலை, வேதாரண்யத்தில் என் சரக்கு இருந்த கிடங்கிலிருந்து ரயில் பார்சலில் குத்தாலம் வரும். அங்கிருந்து மைத்துனருடைய மாட்டு வண்டியில் ஊருக்குப் போகும். ஐந்து வீசை. நடவாள், அறுப்பாள் எல்லோருக்கும் அதிலிருந்துதான் கொடுப்பார்கள். கிடங்கில் கோணி ஒரே அளவுதான். ஐந்து வீசை போக மீதி இடத்தை வைக்கோலை வைத்து அடைத்துத் தைத்தார்கள்.

முதல் வருஷமே, 1960இல், தவறு நடந்தது. அந்தச் சிப்பத்தையும் மற்றவற்றோடு சேர்த்துக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். ஐந்து வீசைப் புகையிலையும் ஒரு பாரம் வைக்கோலும் பினாங்கில் வந்து இறங்கின. வைக்கோலையும் சேர்த்து நிறுத்து எனக்குச் சுங்கம் போட்டார்கள். என் சிப்பங்களில் வட்டத்துக்குள் நங்கூரம் என்ற முத்திரையும் வருஷமும் இருக்கும். அதுவும் அப்படியே இருந்ததால் கிடங்குக்காரரைக் குறை சொல்லவும் வழியில்லை. அடுத்த முறை ஊருக்கு வந்தபோது கும்பகோணத்தில் ஒரு தகர வேலைக்காரரிடம் குத்தகை என்ற சொல்லைத் தகரத்தில் ஓட்டையாக வெட்டி, மை தடவிப் பதிக்கும் அச்சாக வாங்கினேன். ஒன்றரை ரூபாய். அதை வேதாரண்யத்தில் கொடுத்து, ஊருக்குப் போகும் சிப்பத்தில் முத்திரைக்குக் கீழே இந்தச் சொல்லையும் வருஷத்தையும் போடச் சொன்னேன். மையும் சாதாரண மை அல்ல. கடல் தண்ணீர் பட்டாலும் போகாத தார் மை. அதன் பிறகு ஒரு சிப்பம்கூட மாறிப் போகவில்லை.

எழுபத்தொன்று ஐப்பசியில் நான் நாகப்பட்டினத்தில் இறங்கினேன். கப்பல் வெளியிலேயே நின்றது; படகில் கரைக்கு வர ஒன்றரை மணி நேரம். ஆட்சி மாறி நாலு வருஷமாகியிருந்தது. ஊருக்கு ஊர் கறுப்பு சிவப்புக் கொடி ஒன்று, செங்கொடி ஒன்று. அறுவடைக் காலத்தில் வரப்பில் போலீஸ் நிற்பது வழக்கமாகிவிட்டது. குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் நிலத்தை விட்டு எழுப்ப முடியாது. அப்படிப்பட்ட நிலத்தைப் பாதி விலைக்கும் கேட்க ஆள் இல்லை. எங்கள் குத்தகைக்காரர் மனு போட்டிருந்தார். பக்கத்து ஊர்களில் நிறையப் பேர் போட்டிருந்தார்கள்.

மைத்துனர் எல்லாம் யோசித்து வைத்திருந்தார்.

"மச்சான், நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். வந்து உக்காந்தாப் போதும். சொந்தப் பண்ணை, நான்தான் பாத்துக்கிறேன், அவன் கூலிக்கு வர்ற ஆளு. இதை நான் சொல்றேன். ஊர்ல ஒருத்தனும் அவனுக்குச் சாட்சி சொல்ல வரமாட்டான். எல்லாரும் அவங்கவங்க நெலத்தப் பாத்துக்கிட்டு இருக்காங்க."

மாயவரத்தில் வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார். "எழுத்துல ஏதாச்சும் குடுத்திருக்கீங்களா? ரசீது, கடுதாசி, எதுனாலும்?"

யோசித்துப் பார்த்து, "ஒரு எழுத்துக்கூடக் கொடுத்ததில்லை" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பணத்தை எடுத்துப் பையில் வைத்தார். கும்பகோணத்துக் கடைக்கு ஐந்நூறு ரூபாய் முன்பணம் மைத்துனர் மூலமாக ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. டிசம்பர் பதினைந்துக்குள் மீதி கொடுக்காவிட்டால் முன்பணம் திரும்பாது என்பது பேச்சு.

இனி நான்காம் வகுப்பு அறை.

அலுவலர் நாற்பத்தைந்து வயது இருப்பார். வந்து உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து வெற்றிலை எடுத்தார். சுண்ணாம்பு தடவினார். பிறகு இரண்டு பையையும் துழாவினார். புகையிலை இல்லை. என்னிடம் பினாங்குச் சில்லறை விற்பனைக்காகப் போட்ட பொட்டலம் ஒன்று இருந்தது. அடக்க விலை எண்பத்தைந்து காசு. எடுத்து நீட்டினேன்.

"பாய் புகையிலை வியாபாரமா?" என்றார்.

"பினாங்கில் பத்தொன்பது வருஷம்."

ஒரு துண்டு கிள்ளி அடக்கிக்கொண்டு கண்ணை மூடினார். நான் மனதுக்குள் எண்ணினேன். இருபத்தாறில் அவர் கண்ணைத் திறந்தார்.

"அடேயப்பா. இது என்ன நங்கூரம்?"

அது என் முத்திரை என்றேன். வேறு யாருக்கும் இந்த முத்திரை கிடையாது, ஒவ்வொரு சிப்பத்திலும் வருஷம் போடுவோம், எது எந்த வருஷத்து இலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம் என்றும் சொன்னேன். மைத்துனர் என் காலை மிதித்தார். தொழிலைப் பற்றித்தானே பேசுகிறேன், எதற்கு மிதிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அலுவலர் பொட்டலத்தை மேசை மேல் தன் முன்னாலேயே வைத்துக்கொண்டார்.

விசாரணை எங்களுக்குச் சாதகமாகத்தான் போயிற்று. மைத்துனர் தெளிவாகப் பேசினார். விதை யாருடையது, உரம் யாருடையது என்பதற்கெல்லாம் பதில் வைத்திருந்தார். குத்தகைக்காரர் நல்ல உழவர், பேச வராது. எவ்வளவு நெல் அளந்தீர்கள் என்று கேட்டால், "வெளஞ்சதுக்குத் தக்கன அளப்பேங்க" என்றார். எந்த வருஷத்திலிருந்து என்றால், "எங்கப்பா செத்த வருசத்துலேருந்துங்க" என்றார். அவருடைய அப்பா இறந்த வருஷம் எது என்று யாருக்கும் தெரியவில்லை. சங்கத்து ஆள் சட்டத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். அலுவலர் அவரை நிறுத்தினார்.

"சட்டம் எனக்குத் தெரியும் தோழர். சாட்சி வேணும். அக்கம்பக்கத்து நெலத்துக்காரங்க யாராச்சும் வருவாங்களா?"

யாரும் வர மாட்டார்கள் என்று சங்கத்து ஆளுக்கும் தெரியும். "வீட்டுப் பொம்பளைங்க களை எடுத்துட்டு இருக்காங்க சார். கூப்பிட்டுருக்கேன்" என்றார்.

"வீட்டு ஆளுங்க சொல்றது சாட்சியா?" என்றார் மைத்துனர்.

அலுவலரும் தலையை ஆட்டினார். எழுத்தர் பேனாவைத் திறந்து மை சரிபார்த்தார். மணி பதினொன்றரை. கும்பகோணத்துக் கடையில் எந்தச் சுவரில் அலமாரி வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மழை திரும்பவும் பிடித்தது. வயலிலிருந்து பெண்கள் ஓடிவந்து பள்ளி வராந்தாவில் ஏறினார்கள். குத்தகைக்காரரின் மனைவி, அவருடைய மருமகள்கள், அவர்கள் தெருப் பெண்கள், ஏழு பேர். எல்லோருக்கும் தலையில் கொங்காணி. கோணியின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகித் தலையில் மாட்டிக்கொள்வது. மழையில் வேலை செய்யும்போது தலையும் முதுகும் நனையாது. எங்கள் பக்கத்தில் அந்த மாதத்தில் அப்படிப் போகாத பெண்ணைப் பார்க்க முடியாது. அவர்கள் அறையைப் பார்க்கக் கூச்சப்பட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மழையைப் பார்த்தபடி வரிசையாக நின்றார்கள்.

அலுவலர் துப்புவதற்காக எழுந்து ஜன்னல் பக்கம் போனார். துப்பிவிட்டுத் திரும்பினவர் கதவருகில் நின்றுவிட்டார். மேசைக்கு வந்து பொட்டலத்தை எடுத்துப் பார்த்தார். மறுபடி வராந்தாவைப் பார்த்தார்.

"பாய், இது என்னங்க, அந்தம்மா முதுகுல உங்க கடை இருக்கு?"

அவர் வராந்தாவுக்குப் போனார். பெண்கள் பயந்து நகரப் பார்த்தார்கள்.

"அப்படியே நில்லுங்கம்மா. திரும்ப வேண்டாம். எழுதிக்கய்யா. நங்கூரம், குத்தகை, அறுபத்தி மூணு. நங்கூரம், குத்தகை, அறுபத்தி ஆறு. இந்தம்மா கொஞ்சம் நிமிந்து நில்லுங்க, மடிப்புல மறையுது. அறுபத்தி ஒண்ணு."

எழுத்தர் எழுதினார். ஏழு முதுகு, ஏழு வருஷம். தார் மை ஒரு எழுத்துக்கூட அழியவில்லை.

"கோணி எங்கேயும் போகும் சார்," என்றார் மைத்துனர். "சந்தையில விக்கிற பழைய சாக்கு."

குத்தகைக்காரரின் மனைவி அதற்கு மேல் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவில்லை.

"சந்தையிலயா? நீங்கதானே மொதலாளி ஆடிக்கு ஆடி வண்டியில வச்சுக் கொண்டாந்து எறக்குவீங்க? போன வருசம் தூக்க ஆளு இல்லன்னு நீங்களே ஒரு கை புடிச்சீங்களே! இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னு எங்க வூட்டுல வெந்நி வாங்கி ஒத்தடம் குடுத்துட்டுப் போனீங்க."

வராந்தாவில் சிரிப்பு. எழுத்தரும் சிரித்தார். அலுவலர் மைத்துனரைப் பார்க்கவில்லை; குத்தகைக்காரரைப் பார்த்தார்.

"மொத்தம் எத்தனை சாக்குய்யா வந்திருக்கு?"

"அது ஒரு எட்டு, ஒம்பது இருக்குங்க."

"எட்டா, ஒம்பதா? ஏழுதான் இங்க இருக்கு. மீதி?"

"ஒண்ணு பேரனுக்குத் தூளி கட்டியிருக்கு. வெதநெல்லு கட்டி வச்சதும் அதேதானா, வேறயான்னு நெனவில்லீங்க. எட்டுன்னே வச்சுக்குங்க."

"நான் வச்சுக்க முடியாதுய்யா. வருஷா வருஷம் வந்துச்சா, நடுவுல விட்டுப் போச்சா? அதுதான் கேள்வி. அறுபத்தி ஒண்ணுலேருந்து எட்டுன்னா மூணு வருஷம் விட்டுப் போயிருக்கு. அப்ப தொடர்ச்சி இல்லையே?"

"எட்டுதான்னு எழுதிக்குங்க சார்," என்றார் மைத்துனர் சட்டென்று.

நான் அதுவரை நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டாம் என்றுதான் சொல்லி அழைத்து வந்திருந்தார்கள். ஆனால் என் சரக்கில் எத்தனை சிப்பம் போனது என்பது என் மைத்துனருக்கும் தெரியாது, உழுதவருக்கும் தெரியாது. எட்டு என்பது தவறு. தவறான எண்ணை எழுத்தர் எழுதப் போனார். பேனா காகிதத்தில் பட்டுவிட்டது.

"பதினொன்று," என்றேன். "அறுபத்தொன்றிலிருந்து எழுபத்தொன்று முடிய. ஒரு வருஷமும் விட்டுப்போகவில்லை. அறுபதாம் வருஷத்துச் சிப்பம் தவறுதலாகக் கப்பல் ஏறிவிட்டது. அதைச் சேர்க்கக் கூடாது."

அலுவலர் என் பக்கம் திரும்பினார். "இந்த எழுத்து வெட்டின தகரம் உங்களுதா பாய்?"

"ஆமாம். ஒன்றரை ரூபாய்க்குக் கும்பகோணத்தில் வெட்டினது."

அவர் உட்கார்ந்தார். நிலத்தில் குத்தகைதாரர் உண்டு என்று எழுத்தரிடம் ஒரு பக்கத்துக்குச் சொன்னார். குத்தகைக்காரரின் கட்டைவிரலில் மை தடவினார்கள். என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். மேல்முறையீடு செய்ய உரிமை உண்டு என்று சொன்னார். எழுந்து போகும்போது பொட்டலத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் மைத்துனர் குடையை எனக்குத் தரவில்லை. வாய்க்கால் மதகில் நின்று சொன்னார்:

"ஊருக்கெல்லாம் புகையிலை விக்கிறீங்களே மச்சான். இன்னைக்கு ஒரு துண்டு உங்க வாயில அடக்கி வச்சிருந்தீங்கன்னா, பேசாமயாச்சும் இருந்திருப்பீங்க."

"எட்டு தப்பு மச்சான்," என்றேன்.

"தப்புதான். எட்டு தப்பு. பதினொண்ணு சரி. போயி பினாங்குல சொல்லுங்க."

வீட்டில் என் மனைவி இரண்டு பேரையும் பார்த்தாள். ஈரச் சட்டையை வாங்கிக்கொண்டு, "எப்ப கப்பல்?" என்றாள்.

அரிசி ஆலைக்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆள் அனுப்பி, இப்போதைக்கு நிலம் வாங்கும் யோசனை இல்லை என்று சொல்லிவிட்டார். டிசம்பர் பதினைந்து வந்து போயிற்று. கும்பகோணத்துக் கடையை ஒரு பாத்திர வியாபாரி எடுத்தார். சனவரியில் நான் கப்பல் ஏறினேன். அனுமதிச் சீட்டை அந்த முறை இரண்டு வருஷத்துக்குக் கொடுத்தார்கள், பிறகு இன்னொரு இரண்டு, பிறகு இன்னும். எட்டு வருஷம். அதற்குள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியிருந்தார்கள். இளவட்டங்கள் சிகரெட்டுக்கு மாறியிருந்தார்கள். தைப்பிங் அம்மாள் இறந்துபோன பிறகு அந்தத் தோட்டத்தில் என் இலையைக் குறை சொல்ல ஆள் இல்லை. மூன்று ராத்தல் வாங்கவும் ஆள் இல்லை. இரண்டு மகள்களின் கல்யாணத்தில் ஒன்றுக்குத்தான் வர முடிந்தது.

ஆடிச் சிப்பத்தை நிறுத்தச் சொல்லி மைத்துனர் எழுதினார். சட்டப்படி இனி அது தேவையில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் வேதாரண்யத்தில் அது வருஷ வேலைகளில் ஒன்றாகப் பதிந்துபோயிருந்தது. நிறுத்தச் சொல்லி நான் எழுதவும் இல்லை, அவர்கள் நிறுத்தவும் இல்லை. எழுபத்தொன்பது முடிய இன்னும் எட்டு போயிற்று. மைத்துனர் வண்டி தரமாட்டேன் என்றுவிட்டதால், குத்தாலம் ரயிலடிக்கு அவர்களே வந்து தூக்கிக்கொண்டு போனார்களாம்.

1979 கடைசியில் ஒரேயடியாகத் திரும்பினேன். அந்த நிலத்தைக் கேட்க ஒரே ஒருவர்தான் இருந்தார், அதை உழுதுவந்த குத்தகைக்காரர். அவரும் அவருடைய மகனும் கூட்டுறவுக் கடன் வாங்கி, நகையும் வைத்துப் புரட்டிக்கொண்டு வந்து பதினேழாயிரத்து ஐந்நூறு கொடுத்தார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் காத்திருந்தபோது அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை; நின்றுகொண்டே இருந்தார். நான் இரண்டு தடவை சொன்ன பிறகு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீங்க வாயத் தொறக்கலன்னா, நான் எட்டுன்னு சொல்லியே கெட்டிருப்பேன் மொதலாளி," என்றார்.

"எண்ணி வச்சுக்கிறதில்லையா?"

"எண்ணத்தான் நீங்க இருக்கீங்களே," என்றார். அவருடைய மகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை; பத்திரத்தில் சர்வே எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு வீட்டில் கணக்குப் போட்டேன். ஆலைக்காரர் தருவதாகச் சொன்னதற்கும் இப்போது வந்ததற்கும் வித்தியாசம் பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு. கும்பகோணத்துக் கடையில் போன முன்பணம் ஐந்நூறு. வந்துபோன கப்பல் சத்தம், அதாவது கட்டணம், தொள்ளாயிரத்து அறுபது. வராத வக்கீலுக்கு நூற்றைம்பது. தகரத்தில் எழுத்து வெட்டியதற்கு ஒன்று ஐம்பது. அலுவலர் எடுத்துக்கொண்டு போன பொட்டலம் எண்பத்தைந்து காசு. எட்டு வருஷத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாததால் சேர்க்கவில்லை. ஆக மொத்தம் பதினையாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் முப்பத்தைந்து காசு.